இருவினையொப்பும் துலாக்கோலும்



சைவ சித்தாந்த நூல்களைப் பயில்வார் அனைவரும் இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்னும் மூன்றனையும் ஒருசேர ஓதக் கேட்டிருப்பர். இவற்றுள் முன்னின்ற இருவினையொப்பு என்னுஞ் சொல் கேட்டவளவிலே பொருள் விளங்கிவிட்டது போலத் தோன்றும். நல்வினை ஒரு தட்டிலும் தீவினை மற்றொரு தட்டிலுமாக ஏறி, ஏற்றத்தாழ்வின்றி நிற்குங் காலத்து இறைவனருள் பதியும் என்பதே அதன் பொருளென்று பலரும் கொண்டிருக்கின்றனர். மேடைகளிலும் அவ்வாறே சொல்லப்படுகின்றது. எளிமையால் வேரூன்றிவிட்ட இப்பொருள் நூற்கருத்தோடு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியவர் மறைமலைநகரில் வாழும் முதிய அன்பரொருவர். நாடோறும் சிவபூசை வழுவாதவர். பணியினின்று ஓய்வு பெற்றபின், தம் செயல்களை ஓர் ஏட்டில் எழுதி வருபவர். இடப்பக்கம் நல்லன, வலப்பக்கம் அல்லன. அவர் ஒருநாள் அவ்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எம்பால் வந்து, “ஐயா, சில ஆண்டுகளாக இடப்பக்கமே நிரம்பி வருகின்றது. வலப்பக்கத்தில் எழுதுதற்கு மிகுதியாக ஒன்றும் இல்லை. தட்டு ஒருபுறமே தாழ்ந்துபோனால் ஒப்பு வாராதே. அடியேன் அறச்செயல்களைச் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டுமோ?” என்று வினவினார். யாம் முதலில் நகைத்தேம். பின்னர் அங்ஙனம் நகைத்ததற்கு நாணினேம். அவர் வினாவிற் பிழையில்லை. தமக்குக் கற்பிக்கப்பட்ட பொருளிலிருந்து முறையாகப் பிறக்கும் முடிபையே அவர் எடுத்து மொழிந்தார். அம்முடிபு தகாதாயின், தகாமை அப்பொருளின்கண் உள்ளது.

வினையொப்பு என்னும் வழக்கிற்கு மேற்கோளாக எடுத்தோதப்படும் திருவாக்கு, அவ்வன்பர் வாழும் நாட்டிலேயே பிறந்தது. செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நிற்கும் திருக்கழுக்குன்றம், மூவர் முதலிகளும் பாடிய தலம். மணிவாசகப் பெருமான் ஆண்டு அருளிய பதிகம் எட்டாந் திருமுறையில் உள்ளது. பதிகம் எனப் பெயர் பெற்றும் பத்துப் பாட்டின்றி ஏழே பாட்டுடையது அது. அதன் முதற் பாட்டிலேயே, தம் வினை ஒத்ததன் பின்னர்க் குன்றின்கண் இறைவன் தன் திருக்கோலம் காட்டினான் என்று அடிகள் கூறுகின்றார். அக்கோலத்துக்கு அவர் கொடுத்த அடைமொழியை நோக்குக. அது கணக்கில் அடங்காதது என்கின்றார். ஒரே பாட்டில், ஒரே மூச்சில், வினைக்கு ஒப்பும் அருட்கோலத்துக்குக் கணக்கின்மையும் ஓதப்பட்டன. தட்டுக் கணக்கால் வந்த பயனாயின், அது கணக்குக்கு உட்பட்டே வந்திருத்தல் வேண்டும். அன்றியும், மீண்டும் முளைத்து விளையாதபடி வித்து அடங்கியமையையும் அடிகள் உடன் கூறினார். துலாக்கோலில் நிறுத்த வித்து எத்துணைச் சமமாக நின்றாலும் வித்தேயாம், நிலத்திலிட்டால் முளைக்கும். முளையாமை நிறையினால் வருவதன்று.

தட்டுக் கொள்கை முற்றும் ஆதாரமற்றதென்று யாம் சொல்ல வரவில்லை. வடமொழியில் கன்மசாமியம் எனப்படும் இது ஆகமங்களிலேயே இடம்பெற்றது. மூலாகமம் இருபத்தெட்டனுள் ஒன்றாகிய கிரணம், ஒத்த வலியுடைய இரு வினைகள் ஒரே காலத்துப் பயன்தர முற்பட்டு, ஒன்றையொன்று தடுத்து நிற்க, அவ்வமயத்துச் சத்திநிபாதம் நிகழும் என்னுங் கருத்தை உடையது. அதற்குக் காசுமீரத்து இராமகண்டர் செய்த விருத்தியின் முதல் ஆறு படலங்கள் டொமினிக் குடால் என்பாரால் ஆராயப்பட்டு 1998இல் புதுச்சேரியில் அச்சாயின. ஆயினும் கிரணம் கூறும் ஒப்புத்தானும் இரண்டு வினைகள் முட்டி நிற்கும் நிலையைக் குறித்ததே. எல்லாப் பிறப்பின் நல்வினைத் தொகையும் எல்லாப் பிறப்பின் தீவினைத் தொகையும் கூட்டிச் சரிபார்க்கும் வணிகர் பேரேடு ஆண்டு இல்லை. அம்முட்டுநிலைக் கொள்கையையும் திரிகநெறி ஆசிரியர் அபிநவகுத்தர் தமது தந்திராலோகத்துப் பதின்மூன்றாம் ஆகினிகத்தில் கடுமையாக மறுத்தார். அவர் நெறி நம் நெறியன்று. எனினும் தடை தடையே ஆகலின் விடை வேண்டும்.

தடைகளை எம் சொல்லில் தருகின்றோம். வினைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்தருவன. இரண்டு ஒருங்கே எதிர்நிற்றல் எவ்வாறு? அங்ஙனம் நின்று தடுப்புண்டன எனக்கொள்ளின், உடம்பைத் தாங்கி நிற்கும் பிராரத்தமும் நுகரப்படாமையின் உடம்பு அப்பொழுதே வீழ்தல் வேண்டும். அருள்பெற்றாரோ உடம்போடிருந்து நூல் செய்தும் மாணவர்க்கு உபதேசித்தும் விளங்கினர். இனி, தொகைக் கணக்கைக் கொள்வார்க்கு வருந் தடை இதனினும் பெரிது. நல்வினை நூறும் தீவினை நூறும் ஒத்தன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நொடியில் ஒருவன் ஓர் எறும்பைக் காலால் மிதித்தான், ஒப்புக் கெட்டது. முன் நொடியில் பதிந்த அருள் மீளுமா? மேலும் நன்மை தீமையைக் கழித்துவிடும் என்பதும் நம் நூற்கு உடம்பாடன்று. இன்பம் இன்பமாகவும் துன்பம் துன்பமாகவும் தனித்தனியே நுகர்ந்து கழிக்கப்படும். பத்து வராகன் கடன்பட்டவன் பத்து வராகன் தானமும் செய்தால் கடன் தீராது; கடனும் நிற்கும், தானத்தின் பயனும் நிற்கும்.

பின்னை இருவினையொப்பாவது யாது? திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர் (மறைவு 1785) மாபாடியத்துள் இதனை ஐயந்திரிபறத் தெளிவித்தார். நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் தம்முள் அளவொத்தல் பற்றி அப்பெயர் வந்ததன்று; அவ்விரண்டின்கண்ணும் விருப்பும் வெறுப்பும் ஒழிந்து, உயிரின் அறிவு ஒருதன்மைத்தாக நிகழ்தலே ஒப்பு என்பது அவர் கருத்து. பொன்விலங்கும் இரும்புவிலங்கும் விலங்கென ஒத்தவாறு காண்பான் ஒருவனுக்கு இரண்டின் எடையை ஆராயவேண்டுவதில்லை. இவ்வுரையால் ஒப்பு என்பது வினையின் குணமாகாது, உயிரின் நிலையாயிற்று. எம் சிறு வாழ்நாளில் பயின்ற உரைகளுள் இத்துணைப் பெரிய சுமையை இத்துணைச் சிறிய திருத்தத்தால் இறக்கிவைத்த உரையைக் கண்டிலேம்.

துலாக்கோல் உவமையையே விடமாட்டோம் என்பார்க்கும் ஒரு வழி உண்டு. திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்துள் துலாக்கோலை உவமை கூறுமிடத்து, முன்னே தான் சமமாக நின்று, பின்னரே தன்கண் இட்ட பொருளை அது வரையறுக்கும் என்பது பெறப்படும். பாரம் ஏறுவதற்கு முன்னர்க் கோலின்கண் உள்ள சமன் வேறு. இரு தட்டிலும் பாரம் ஏறியபின் நேரும் சமன் வேறு. முனிவர் கூறிய ஒப்பு முன்னையது. பிழைபட்ட துலாக்கோலிலும் தட்டுக்கள் சமமாக நிற்றல் கூடும் என்பதை அங்காடியிற் சென்று பொருள் வாங்கிய எவரும் அறிவர்.

இனி, கற்றாரும் தட்டுக் கொள்கையை விரும்புதற்குக் காரணம் என்னை எனின், மறைபொருள் நூல்களில் எல்லாம் இருபுறமும் ஒத்து நிற்கும் என்னும் ஒரு முற்கோள் நம் காலத்தில் பரவியிருத்தலே காரணமாம். அடையாற்றில் 1882 முதல் நிலைபெற்ற பிரமஞான சபையினர் இதற்குப் பெரிதும் துணைசெய்தனர். 1888இல் வெளிவந்த பிளாவட்ஸ்கி அம்மையாரின் பெருநூல் உலகத் தளங்கள் ஏழு, மாந்தர் தத்துவங்கள் ஏழு, மூல இனங்கள் ஏழு என அனைத்தையும் ஏழில் அடக்கி, ஒவ்வொன்றும் மற்றொன்றற்கு நேர்நிற்குமாறு அமைத்தது. யூதரின் மறைநெறியாகிய கபாலாவில் பத்து நிலைகளை அருட்டூண், ஒறுப்புத்தூண், நடுத்தூண் என மூன்றாக நிறுத்தி, நடுத்தூணே சமநிலை என்று மேனாட்டுக் குழுவினர் சிலர் விரித்தனர். இவற்றைக் கற்றுவந்த கண் நம் நூல்களையும் அவ்வாறே நோக்குகின்றது. இடகலைக்கு எதிர் பிங்கலை, படைத்தற்கு எதிர் அழித்தல், மறைத்தற்கு எதிர் அருளல், மலத்துக்கு எதிர் சிவம் எனப் படம் வரையத் தொடங்கிவிடுகின்றனர். படம் அழகாகவே இருக்கும். நூல் அவ்வாறு இல்லை.

நூல் எவ்வாறு உளது என்பதற்கு நிருவாண தீக்கையில் ஆசாரியர் சோதிக்கும் அத்துவாக்கள் ஆறனையும் எடுத்துக்கொள்வாம். மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51, புவனம் 224, தத்துவம் 36, கலை 5. பின்னதாகிய கலை ஐந்தும் ஏனைய ஐந்தையும் தம்முள் அடக்கி நிற்கும். ஐந்து கலைக்கும் சமமாகப் பகுத்தளிக்கலாமோ எனின், இவற்றுள் ஒன்றேனும் ஐந்தால் மீதியின்றி வகுபடாது. சோமசம்பு பத்ததி வழியில் நிவிர்த்தி கலையில் புவனம் 108, தத்துவமோ பிருதிவி ஒன்றே, வன்னமும் ஒன்றே, பதம் 28. பிரதிட்டையில் தத்துவம் 23, புவனம் 56, வன்னம் 24, பதம் 21. வித்தையில் தத்துவம் 7, புவனம் 27, வன்னம் 7, பதம் 20. சாந்தியில் தத்துவம் 3, புவனம் 18, வன்னம் 3, பதம் 11. சாந்தியதீதையில் தத்துவம் 2, புவனம் 15, பதம் ஒன்றே. ஆனால் வன்னம் 16. மந்திரம் முதல் நான்கு கலைக்கும் இவ்விரண்டு, ஈற்றில் மூன்று. பத்ததிகளுக்குள் சிற்சில எண் வேறுபடினும் இச்சமமின்மை எங்கும் ஒன்றே.

இதனைப் பிழையென்று எண்ணித் திருத்தப் புகுவாரும் உளர். யாம் கண்ட ஓர் அச்சுப் படத்தில் ஐந்து கலைக்கும் ஐந்து சமக் கட்டங்கள் போடப்பட்டிருந்தன. புவனம் நூற்றெட்டும் ஒரு கட்டத்தில் அடங்காமையால் ‘முதலியன’ என்று எழுதி முடித்திருந்தார்கள்! நிலத் தத்துவம் ஒன்றாயினும் ஆண்டு நுகர்ச்சிக்கு இடமாகிய புவனங்கள் மிகுதி. உயிர்கள் பெரும்பாலும் உழல்வது அங்கேயாகலின். மேலே செல்லச் செல்லப் புவனம் குறைகின்றது. ஒலியின் மூலமாகிய உயிரெழுத்துப் பதினாறும் உச்சியில் நிற்கின்றன. பாசக் கட்டு எங்கே எவ்வளவு தடித்திருக்கின்றதோ அங்கே அவ்வளவு முடிச்சு அவிழ்த்தல் வேண்டும் என்பதே இக்கணக்கின் உட்கிடை. நோயுற்ற உடம்பில் மருந்து இருபுறமும் சம அளவாகப் பூசப்படுவதில்லை. ஆறாதாரத் தாமரைகளும் அவ்வாறே: 4, 6, 10, 12, 16 என வளர்ந்து சென்று ஆஞ்ஞையில் திடீரென 2 ஆகின்றன. பிராணனும் பன்னிரண்டு அங்குலம் புறஞ்சென்று எட்டே அங்குலம் மீளும் என்பது யோக நூல் வழக்கு.

இவ்வாராய்ச்சியில் உயிர்நிலையாவது திருவைந்தெழுத்து. சிவாயநம என ஓதுங்கால், சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம், மகரம் மலம் என்பது மெய்கண்டார் சந்தானத்து ஆசிரியர்கள் காட்டிய பொருள். யகரம் நடுவே நிற்க, ஒருபுறம் இரண்டெழுத்து, மறுபுறம் இரண்டெழுத்து. துலாக்கோல் விரும்புவார்க்கு இதனினும் சிறந்த படம் வேறு கிடைக்குமா? நடுமுள் உயிர், ஒரு தட்டில் சிவமும் அருளும், மறு தட்டில் திரோதமும் மலமும். இங்ஙனம் விரித்துரைத்த சொற்பொழிவொன்றை யாமே கேட்டிருக்கின்றேம், அவையோர் கைகொட்டினர். ஆனால் நகரம் யாருடையது? திரோதம் என்பது மலத்தின் சத்தியன்று. சிவசத்தியே மலத்தைப் பரிபாகப்படுத்தற்பொருட்டு அதன்வழி நின்று மறைப்பைச் செலுத்துதலின் மலமென உபசரித்து வழங்கப்பட்டது. ஆகவே மலத்தின் பக்கத்து நிற்பதாக எண்ணப்படும் இரண்டனுள் ஒன்று சிவத்தின் பக்கத்ததே. எழுத்து இருபுறமும் இரண்டிரண்டாக நின்றாலும், உயிரைச் சூழ்ந்த நான்கனுள் மூன்று சிவமும் சிவசத்தியுமாம். மலம் ஒன்றே தனித்து நிற்கின்றது. கோல் தொடக்கத்திலேயே சாய்ந்திருக்கின்றது. அதுவும் நம் பக்கமாக.

இதனைக் காணாமையால் வரும் ஏதம் சிறிதன்று. மலத்தைச் சிவத்துக்கு எதிர்த்தட்டாக வைப்பார், ஒளிக்கடவுளும் இருட்கடவுளும் என்றும் பொருது நிற்பர் என்று கூறிய பாரசீக மானி மதத்தாரோடு தம்மை அறியாமலே ஒன்றாகின்றனர். பதி பசு பாசம் மூன்றும் அநாதி என்று நாம் கூறுவதைக் கேட்டு, அநாதியாகலின் ஒத்தன என்று முடிபு செய்தல் பொருந்தாது. தோற்றமின்மையில் ஒற்றுமை உண்டு; வலியில் இல்லை. செம்பிற் களிம்பு செம்பு உள்ள அன்றே உள்ளதாயினும் குளிகையின் முன் நில்லாது. இருள் ஞாயிற்றோடு பொருது தோற்றதாக எவரும் கண்டதில்லை. எதிர்ப்படுதற்கே அதற்கு வலியில்லை. மலம் பொருளால் அழியாதாயினும் அதன் மறைக்குஞ் சத்தி தேயும். சிவசத்தியோ தேய்தல் இல்லது. ஒருபாற் தேய்வும் ஒருபாற் தேயாமையும் உள்ள இடத்துச் சமநிலை எங்ஙனம் நிற்கும்? நிற்குமாயின் வீடுபேறு என்றும் கைகூடாது.

அற்றேல், சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரமும் பொது ஆறு, உண்மை ஆறு என இரு கூறாகி, கூறு ஒவ்வொன்றும் மும்மூன்று சூத்திரமுடைய இவ்விரண்டு இயலாக அமைந்தது சமநிலையன்றோ எனின், ஆம், அது சமநிலையே, மறுக்கமாட்டோம். அடைவு சமமாயிருத்தல் கற்பார்க்கு எளிமை. ஆயினும் அவ்வடைவினுள் புகுந்து பார்க்க. அதிகரணம் முப்பத்தொன்பதில், உயிர் உண்டென நிறுவும் மூன்றாஞ் சூத்திரத்துக்கு மட்டும் ஏழு. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இவ்விரண்டே. வாதம் மிகுந்த இடத்து மெய்கண்ட தேவர் நிறுத்தி விரித்தார். மிகாதவிடத்துக் கடந்து சென்றார். சட்டம் சமம், உள்ளுறை சமமன்று. திருக்கழுக்குன்றத்தினின்று கிழக்கே சென்று கடலடுத்த மாமல்லையில் இராசசிம்மன் எடுத்த கற்றளியைக் காண்பார்க்கும் இது தோன்றும். தொலைவில் இரட்டை விமானமென்றே தெரியும். அணுகினால் கிழக்கு நோக்கிய சிவாலயம் பெரிது, மேற்கு நோக்கிய சிவாலயம் சிறிது, இரண்டற்கும் இடையே அறிதுயில் அமர்ந்த திருமால் கோட்டம். சிற்பநூலில் அளவு அறியாத தச்சர் அங்ஙனம் அமைத்தார் என்று எவரும் சொல்லத் துணியார்.

மணிவாசகர் வரலாற்றையும் ஈண்டு நினைக்க. அரசன் பொருளைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் அவர். திருப்பெருந்துறைக் குருந்தமரத்தடியில் ஆட்கொள்ளப்பட்ட அன்று, அவர் அறக்கணக்கு எந்நிலையில் இருந்தது என்று புராணம் எதுவும் ஆராயவில்லை. அரசன் பொருட்கணக்கு மட்டும் பெரிதும் ஒத்துவரவில்லை என்பது யாவரும் அறிந்தது. ஒத்திருந்தது அவர் உள்ளம். அமைச்சுரிமையும் சிறையும் அவருக்குப் பின்னர் ஒருதன்மையவாயினமையே அதற்குச் சான்று.

இவற்றையெல்லாம் அன்பரிடம் ஒரு மாலை முழுதும் இருந்து எடுத்துச் சொன்னேம். நற்செயலைக் குறைக்கவேண்டுவதில்லை, செய்ததை எடை பார்க்கும் பார்வையையே குறைக்கவேண்டும் என்றேம். “அப்படியானால் ஏட்டை எரித்துவிடட்டுமா ஐயா?” என்றார். எரித்ததையும் இடப்பக்கத்தில் எழுதிவிடுவீர்கள் என்றேம், அவரும் சிரித்துவிட்டார். சில திங்கள் கழித்துத் திருக்கழுக்குன்றத்து முழுமதி நாளில் மலைவலம் வருவார் கூட்டத்தில் அவரைக் கண்டேம். வழியோரத்து நீர்மோர்ப் பந்தலில் குவளை கழுவிக்கொண்டிருந்தார். ஏடு என்னவாயிற்று என்று கேட்டதற்கு, மோருக்கும் கறிவேப்பிலைக்கும் கொடுக்கவேண்டிய பாக்கியை மட்டும் இப்பொழுது அதில் எழுதுவதாகச் சொல்லி, எமக்கும் ஒரு குவளை நீட்டினார்.